உள்ளாட்சித் தேர்தலில் நிற்கப் போகிறீர்களா? செலவுக் கணக்கை மனுத் தாக்கல் நாளிலேயே தொடங்குங்கள்

தமிழ்நாட்டு உள்ளாட்சித் தேர்தலில் முதன்முறை நிற்பவர்கள் மனுவில் காட்டும் கவனத்தில் கால்வாசியைக் கூடச் செலவுக் கணக்கில் காட்டுவதில்லை. "நாமதான் தோத்துட்டோமே, இனி கணக்கு எதுக்கு?" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. வென்றவர், தோற்றவர், டெபாசிட் போனவர் என எல்லோரும் முடிவு அறிவித்த 30 நாளுக்குள் கணக்கு கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் மாநிலத் தேர்தல் ஆணையம் 3 ஆண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்யலாம். வார்டு உறுப்பினராக நின்று சில ஆயிரம் மட்டும் செலவழித்தவருக்கும் இதே விதிதான்.

படி 1: உங்கள் பதவிக்கு வரம்பு எவ்வளவு?

2019, 2021 ஊரகத் தேர்தல்களில் இருந்த வரம்பு:

கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர் – ரூ.9,000
கிராம ஊராட்சித் தலைவர் – ரூ.34,000
ஊராட்சி ஒன்றிய வார்டு உறுப்பினர் – ரூ.85,000
மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர் – ரூ.1,70,000

2022 நகர்ப்புறத் தேர்தலில் பேரூராட்சி வார்டுக்கு ரூ.17,000, சென்னை மாநகராட்சி வார்டுக்கு ரூ.90,000. நகராட்சிகளுக்கு நிலையைப் பொறுத்து வரம்பு மாறும். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஆணையம் புதிதாக அறிவிக்கும் தொகைதான் செல்லும் என்பதால், மனு வாங்கும்போதே தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டெபாசிட்டையும் வரம்பையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தலைவர் பதவிக்கு டெபாசிட் ரூ.600தான் இருந்தது, வரம்பு ரூ.34,000.

படி 2: ஒரு நோட்டு, ஒரு ஃபைல், ஒரு ஆள்

பிரச்சாரத்தில் ஓடும் ஆளிடம் கணக்கைக் கொடுக்காதீர்கள். வீட்டிலேயே இருக்கும், கூட்டிக் கழிக்கத் தெரிந்த ஒருவர் போதும். மளிகைக்கடைக் கணக்கு எழுதிப் பழகியவர் கிடைத்தால் இன்னும் நல்லது. நோட்டில் ஏழு பத்தி போடுங்கள்: தேதி, வவுச்சர் எண், யாருக்கு, எதற்கு, அளவும் விலையும், மொத்தம், ரொக்கமா ஜிபேயா. தேதி, யாருக்கு என்ற பத்திகள் போக, ஒரு வரி இப்படி இருக்க வேண்டும்:

"வவுச்சர் 7 – ஒலிபெருக்கி ஆட்டோ வாடகை, டிரைவர் சம்பளத்துடன், 2 நாள் × ரூ.1,800 = ரூ.3,600, ரொக்கம்."

இதையே "ஆட்டோ 3,600" என்று மட்டும் எழுதினால், எத்தனை நாள், டிரைவர் சம்பளம் உள்ளடக்கமா என்று அலுவலகத்தில் கேட்கும்போது உங்களுக்கே நினைவிருக்காது.

மனுத் தாக்கல் செய்த நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை கணக்கு எழுதுங்கள். இதில் பலர் சறுக்கும் இடம், முன்கூட்டியே அடித்து வைத்த நோட்டீஸ். பணம் கொடுத்தது போன மாதமாக இருக்கலாம். நோட்டீஸ் வீடு வீடாகப் போவது இப்போது. அதையும் எழுதுங்கள்.

படி 3: பணம் கொடுக்கும் முன் பட்ஜெட் போடுங்கள்

தலைவர் பதவிக்கு ஒரு மாதிரிக் கணக்கு. விலை ஊருக்கு ஊர் மாறும். ஒலிபெருக்கி ஆட்டோ 6 நாளுக்கு ரூ.10,800. நோட்டீஸ் 3,000 பிரதி ரூ.4,500. போஸ்டர் 300க்கு ரூ.3,600. டீ, வடை 15 பேருக்குத் தலைக்கு ரூ.40 வீதம் 8 நாள், ரூ.4,800. வாக்குப்பதிவு நாளில் ஏஜென்டுகள் சாப்பாடு, வெளியே போடும் மேசை நாற்காலி, சாமியானா ரூ.2,000. ஆக ரூ.25,700. மீதி ரூ.8,300 இருக்கிறதே என்று இன்னொரு ஆட்டோவைப் பேசிவிடாதீர்கள். கடைசி இரண்டு நாளில் கை தானாக நீளும். குறைந்தது ரூ.4,000 தொடாமல் வையுங்கள்.

பார்த்தீர்களா, டீயும் வடையும் நோட்டீஸை முந்திவிட்டன. வரம்பைத் தாண்டவைப்பது பெரும்பாலும் இந்தச் சில்லறைதான். போஸ்டருக்கு பில் வருகிறது, டீக்கு வருவதில்லை. டீக்கடையில் தினமும் இரவு ஒரு கைச்சீட்டு எழுதி, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எட்டு நாள் கழித்து மொத்தமாகக் கேட்டால் அவர் சொல்வதுதான் கணக்கு.

படி 4: இலவசமாக வந்ததும் செலவுதான்

மச்சான் கார் கொடுத்தார், நண்பர் டீசல் போட்டார், அச்சகக்காரர் சொந்தக்காரர் என்பதால் பணமே வாங்கவில்லை. இதையெல்லாம் உள்ளூர் வாடகைக்கும் விலைக்கும் மதிப்புப் போட்டு எழுதுவதுதான் பாதுகாப்பு. "இன்னார் அளித்தது, மதிப்பு இவ்வளவு" என்ற ஒரு வரி போதும்.

உங்களிடம் கேட்காமலே ஒருவர் ஆசையாக நோட்டீஸ் அடித்துவிட்டால்? வேட்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் இன்னொருவர் விளம்பரம், கூட்டம் போன்றவற்றுக்குச் செலவழிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 176ஆம் பிரிவின்படி குற்றம், ரூ.10,000 வரை அபராதம். ஒரு விலக்கு உண்டு: செலவு 10 ரூபாய்க்கு மேல் போகாமல், 10 நாளுக்குள் வேட்பாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலை வாங்கினால் குற்றமில்லை. 10 ரூபாய்க்கு இன்று ஒரு டீ கிடைப்பதே பாடு. அதனால் ஆதரவாளர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்: எழுதி வாங்காமல் யாரும் எதுவும் அடிக்கக் கூடாது.

படி 5: சேர்ந்து செய்த செலவைப் பிரித்து எழுதுதல்

ஊரகத்தில் ஒரு வாக்காளருக்கு நான்கு ஓட்டு. அதனால் தலைவர், வார்டு உறுப்பினர், ஒன்றியம், மாவட்டம் என நான்கு பேரும் ஒரே வண்டியில் ஏறுவது சகஜம். வண்டிச் செலவு முழுவதும் ஒருவர் தலையில் விழுந்தால், ரூ.9,000 வரம்புள்ள வார்டு வேட்பாளர் மூன்றே நாளில் பாதியைக் கடந்துவிடுவார். யாருக்கு எத்தனை பங்கு என்று நான்கு பேரும் முதலிலேயே பேசி, பில் நகலின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் கணக்கிலும் அவரவர் பங்கு இந்தச் சீட்டோடு ஒத்துப்போக வேண்டும்.

படி 6: அச்சகமும் அனுமதிச் சீட்டும்

நோட்டீஸ், போஸ்டரின் அடியில் அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிடுபவர் பெயர், பிரதி எண்ணிக்கை இருக்கிறதா என்று புரூஃப் பார்க்கும்போதே பாருங்கள். போஸ்டரில் 1,000 என்றும் பில்லில் 300 என்றும் இருந்தால் விளக்கம் சொல்வது கடினம்.

வாகனத்துக்கு ஆறு நாள் அனுமதி வாங்கிவிட்டுக் கணக்கில் இரண்டு நாள் வாடகை காட்டுவதும் இதே வகைதான். அனுமதி விவரம் அலுவலகத்தில் இருக்கும். வண்டி உண்மையிலேயே ஓடவில்லை என்றால், ஓடாத நாளில் அனுமதியை எழுத்துமூலம் திருப்பிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

ரூ.50,000க்கு மேல் ரொக்கத்தை ஆவணம் இல்லாமல் எடுத்துப் போகாதீர்கள். பறக்கும் படை பிடித்தால், வங்கியில் எடுத்த ரசீதைக் காட்டி மீட்பதற்குள் பிரச்சாரமே முடிந்துவிடும். வாக்காளருக்குக் கொடுக்கும் பணத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்பவர்களும் உண்டு. அதற்குத் தலைப்பு இல்லை. அது லஞ்சக் குற்றம்.

படி 7: கணக்கைக் கொடுப்பது

30 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது? முடிவு அறிவித்த நாளிலிருந்து; பதவியேற்ற நாளிலிருந்து அல்ல. 2022 நகர்ப்புறத் தேர்தலில் முடிவு பிப்ரவரி 22, பதவியேற்பு மார்ச் 2. பதவியேற்பிலிருந்து எண்ணியவருக்கு எட்டு நாள் அங்கேயே போயிருக்கும்.

ஊரகத்தில் கிராம ஊராட்சி, ஒன்றிய வேட்பாளர்கள் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும், மாவட்ட ஊராட்சி வேட்பாளர்கள் மாவட்ட ஊராட்சிச் செயலாளரிடமும் கொடுக்க வேண்டும். நகர்ப்புறத்தில் உங்களுக்கான அலுவலர் யார் என்று மனுத் தாக்கலின்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆணையம் தந்த படிவத்தைப் பூர்த்தி செய்து, வவுச்சர்களை எண் வரிசையில் அடுக்கி, மொத்தத்தை இரண்டு பேர் தனித்தனியாகக் கூட்டிச் சரிபாருங்கள். ஒரே இரவில் ஒரே பேனாவில் எழுதிய முப்பது வவுச்சரைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எதுவுமே செலவு செய்யவில்லையா? அப்போதும் "இல்லை" என்று எழுதிய படிவத்தைக் கொடுங்கள். முழுக் கட்டையும் நகல் எடுத்து, அந்த நகலில் தேதியுடன் அலுவலக முத்திரை வாங்குங்கள். "வெச்சிட்டுப் போங்க, பாத்துக்கலாம்" என்று சொன்னால் வைத்துவிட்டு வராதீர்கள்.