தக்காளி ரகங்களை மார்க்கர் வைத்து ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

லேபுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், தக்காளி ரகங்களை மார்க்கர் (ரகத்துக்கு ரகம் வேறுபடக்கூடிய டிஎன்ஏ அடையாளம்) வைத்து ஒப்பிடும்போது, நாங்கள் அந்தக் காலத்தில் அடித்த அதே கூத்தை அப்படியே அடிக்கிறார்கள். குழாயில் பெயர் எழுத மறப்பதெல்லாம் தானாகத் திருந்திவிடும், அதை விடுங்கள்.

வித்தியாசம் காட்டிய மார்க்கரையெல்லாம் அள்ளிக்கொள்வது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். தக்காளி தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். பயிரிடும் ரகங்களுக்குள் வேறுபாடு மிகக் குறைவு, பெரும்பாலான பிரைமர்களில் (டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடத்தைப் பிடித்துப் பெருக்க உதவும் சிறு துண்டுகள்) எல்லா ரகத்துக்கும் ஜெல்லில் ஒரே உயரத்தில்தான் பேண்ட், அதாவது டிஎன்ஏ கோடு, நிற்கும். அதனால் எங்காவது ஒரு பேண்ட் கொஞ்சம் ஏறி இறங்கினால் போதும், அந்த மார்க்கரை விடமாட்டார்கள். அது எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை.

இன்றைய ஹைப்ரிட்டுகள் பலவற்றில் நோய் எதிர்ப்புக்காகக் காட்டுத் தக்காளியிலிருந்து ஏற்றிய துண்டுகள் உண்டு. இலைச்சுருள் வைரஸுக்கான டிஒய்-3 ஜீன் சொலானம் சிலென்ஸ் என்ற காட்டு இனத்திலிருந்து வந்தது, வேர்முடிச்சு நூற்புழுவுக்கான எம்ஐ-1 சொலானம் பெருவியானத்திலிருந்து. இரண்டும் 6-ஆம் குரோமோசோமில். மொசைக் வைரஸுக்கான டிஎம்-2 ஜீன் 9-இல். ஜீன் சின்னது, அதோடு ஒட்டிக்கொண்டு வந்த காட்டு டிஎன்ஏ நீளமானது, அங்கே மறுசேர்க்கையும் (ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) லேசில் நடக்காது. வேறுபாடு கொட்டிக் கிடப்பது அந்த இடங்களில்தான்.

ஒரு மாணவி டெண்ட்ரோகிராமோடு, அதாவது எந்த ரகம் எதற்கு நெருக்கம் என்று காட்டும் மரப்படத்தோடு, வந்தார். பிகேஎம் 1, பூசா ரூபி ரகங்கள் ஒரு பக்கம், கம்பெனி ஹைப்ரிட்டுகள் மறுபக்கம், பார்க்க அழகாகத்தான் இருந்தது. "மேடம், இந்த ரெண்டு ஹைப்ரிட்டுக்கும் ஒரே பெற்றோர் போல இருக்கு" என்றார். பிரைமர் வரிசைகளை ஹெய்ன்ஸ் 1706 என்ற தக்காளி ரகத்தின் ஜீனோமில் (முழு டிஎன்ஏ வரிசையில்) தேடிப் பார்த்தோம். பாதிக்கு மேல் 6-லும் 9-லும் குவிந்திருந்தன. எந்த ரகத்தில் எந்த எதிர்ப்பு ஜீன் இருக்கிறது என்பதைத்தான் அந்தப் படம் சொன்னது. அதைத் தெரிந்துகொள்ள மூன்று நான்கு மார்க்கர் போதுமே! பிரைமருக்கும், டிஎன்ஏவைப் பெருக்கும் பாலிமரேஸ் நொதிக்கும் போட்ட காசு போனது போனதுதான்.

ஆர்டர் போடும் முன்பே இடத்தைப் பாருங்கள். 12 குரோமோசோம்களிலும் இரண்டு கைகளுக்கும் (குரோமோசோமின் இரு பக்கப் பகுதிகள்) ஒன்றாவது இருக்கட்டும். எதிர்ப்பு ஜீனுக்குப் பக்கத்து மார்க்கர்களைத் தனி அட்டவணையில் வையுங்கள், ஒற்றுமைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பல செடி இலைகளைச் சேர்த்து அரைப்பது

ஒரு ரகத்துக்கு ஒரே செடி எடுப்பதும் தவறு, பத்துச் செடியை ஒன்றாக அரைப்பதும் தவறு. கலந்துவிட்டால் இரண்டு பேண்ட் தெரியலாம். அது ஹைப்ரிட்டா, விதைக் கலப்பா என்று யாராலும் சொல்ல முடியாது. தனித்தனியாக எடுங்கள்.

ஹைப்ரிட் பழத்து விதை

அது எஃப்2, ஹைப்ரிட்டுக்கு அடுத்த தலைமுறை. அதை ஹைப்ரிட் என்று கணக்கில் வைக்காதீர்கள்.

அகரோஸில் எஸ்எஸ்ஆர்

எஸ்எஸ்ஆர் என்பது சிறு டிஎன்ஏ வரிசை திரும்பத் திரும்ப வரும் இடத்தின் நீளத்தை ஒப்பிடும் மார்க்கர். அகரோஸ் ஜெல்லில் நான்கு பேஸ் (டிஎன்ஏ எழுத்து) வித்தியாசத்தைக் கண்ணால் பிரித்தேன் என்பவரை நான் நம்புவதில்லை. நீளத்தை நுட்பமாக அளக்கும் கேப்பில்லரி கருவிக்கு அனுப்புங்கள்.

ஆர்ஏபிடி

குறிப்பிட்ட இடம் இல்லாமல் எங்கு வேண்டுமானாலும் ஒட்டும் பிரைமர் வைக்கும் இந்த முறை வேண்டாம்.

ஜெல் வேறு காட்டினால் புது ரகம் என்பது

2001-ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பதிவுக்கு டியூஎஸ் சோதனை (தனித்தன்மை, சீர்மை, நிலைத்தன்மை பார்ப்பது) வேண்டும். அது வயலில் செடியையும் இலையையும் காயையும் பார்த்து நடப்பது. மார்க்கர் துணைக்கு வரலாம், ஜெல் படத்தை மட்டும் நீட்டி ரகப் பதிவு வாங்க முடியாது.