காய்ச்சலுக்குக் காத்திருக்க வேண்டாம்: சிறுநீரக நோயாளிகளும் செப்சிஸும்

மொரீசியசில் டயாலிசிஸ் பிரிவுக்குப் புதிதாக வரும் செவிலியரும், நோயாளியை வீட்டில் கவனிக்கும் குடும்பத்தாரும், நாங்கள் தொழில் பழகிய காலத்துத் தவறுகளையே இன்றும் செய்வதைப் பார்க்கிறேன். கை கழுவுதல் போன்றவற்றை யாவரும் அறிவர். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். கிருமித் தொற்றை எதிர்த்து உடல் நடத்தும் போராட்டமே கட்டுமீறி, உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் நிலைதான் செப்சிஸ்.

நடுக்கத்தை ஏசியின் குளிர் என்று எண்ணுவது

கழுத்தில் டயாலிசிஸ் குழாய் பொருத்தியிருந்த ஒரு மூதாட்டிக்கு, இயந்திரத்தோடு இணைத்த சிறிது நேரத்திலேயே உடல் உதறத் தொடங்கியது. வெப்பமானி 37.3 டிகிரி காட்டியதால், கம்பளி போர்த்தி, பாரசிட்டமால் கொடுத்து, 4 மணி நேர டயாலிசிஸை முடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை மகன் அவரைத் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தபோது பேச்சு குழறியது. இரத்த அழுத்தம் சரிந்திருந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் இதய வால்வு ஒன்று பழுதாகிவிட்டது.

இதை நினைத்தால் இன்றும் எனக்குச் சினம் எழுகிறது. குழாயின் உட்சுவரில் படிந்த கிருமிகள், இரத்தம் ஓடத் தொடங்கியதும் கழன்று உடலுக்குள் பாய்வதால் வரும் நடுக்கம் அது. சிறுநீரக நோயாளிகள் பலருக்குக் கடுந்தொற்றிலும் காய்ச்சல் ஏறுவதில்லை. சிறுநீர் குறைவது மற்றவர்களிடம் ஓர் எச்சரிக்கை. சிறுநீரே கழியாதவரிடம் அந்த அடையாளமும் இல்லை. டயாலிசிஸின்போது அழுத்தம் இறங்குவது வழக்கம் என்பதால், அதையும் எளிதாக ஒதுக்கிவிடுகிறார்கள். ஆகவே நடுக்கம், புதிதாக வந்த மனக்குழப்பம், மூச்சிரைப்பு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் மருத்துவரை உடனே அழைத்து, ஆண்டிபயாட்டிக் ஏற்றுவதற்கு முன் கிருமிச் சோதனைக்கு இரத்தம் எடுத்து, எடுத்தபின் சிறிதும் தாமதிக்காமல் மருந்தைத் தொடங்க வேண்டும். வீட்டில் நேர்ந்தால், அடுத்த டயாலிசிஸ் நாள்வரை பொறுக்காமல் அவசரப் பிரிவுக்குச் சென்று, கழுத்தில் குழாய் இருப்பதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

கழுத்துக் குழாயோடு காலம் தள்ளுவது

டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அமைக்கும் ஃபிஸ்டுலாவில் தொற்று மிகக் குறைவு. ஆனால் அது பக்குவப்பட வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால், ஊசிக்கு அஞ்சித் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஆபத்தை நீட்டிக்கிறது.

குழாய் நனையக் குளிப்பது

கூடாது.

மீந்த ஆண்டிபயாட்டிக்கை விழுங்குவது

சோதனையில் கிருமி அகப்படாமல் போகும்.

காவடிக்குப் பின் பாதத்தை மறப்பது

சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டவர்கள் இத்தீவில் ஏராளம். அவர்களில் பலருக்குப் பாதம் மரத்திருக்கும். தைப்பூசத்தன்று வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடந்து, கோர் த கார்ட் மலைக்கோயிலுக்கு ஏறி இறங்கியவருக்கு, கிருமிக்கு வழிவிடும் கொப்புளம் கண்டதுகூடத் தெரியாது. நேர்த்திக்கடனின் அருமையை நான் அறிவேன். இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் காவடி எடுக்கக் கூடாது. நடந்தவரின் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் அன்றிரவே வீட்டார் நல்ல வெளிச்சத்தில் பார்த்து, சிவப்போ புண்ணோ இருந்தால் மஞ்சள் பூசி மூடாமல், மறுநாள் காலையே மருத்துவமனையில் காட்ட வேண்டும்.