டிராக்கர் வாங்குமுன் கவனிக்க வேண்டியது
பொருள் எங்கே இருக்கிறது என்று போனில் தேடிக் கண்டுபிடிக்க சாவிக்கொத்திலோ பையிலோ மாட்டும் டிராக்கரை வாங்குமுன், அது புளூடூத்தை மட்டும் நம்பியிருக்கிறதா, அல்ட்ரா வைட்பேண்ட் என்ற ரேடியோ தொழில்நுட்பமும் அதில் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புளூடூத் டிராக்கர்கள் பெரும்பாலும் சிக்னலின் வலிமையைக் கொண்டே தூரத்தை ஊகிப்பதால், இடையில் ஒரு சுவரோ பீரோவோ, ஏன், நம் உடம்போ வந்தாலே, அருகிலுள்ள பொருளும் தொலைவில் இருப்பதுபோல் காட்டிவிடும். அல்ட்ரா வைட்பேண்டோ ரேடியோ அலை போய்வரும் நேரத்தை அளக்கிறது. ஒரு நானோ நொடியில் அலை சுமார் 30 சென்டிமீட்டர் செல்வதால், நேரத்தை அவ்வளவு நுட்பமாக அளந்தால் தூரமும் துல்லியமாகக் கிடைத்துவிடும். 2021இல் வந்த ஆப்பிளின் ஏர்டேக் டிராக்கரில் இவ்வசதி உண்டு. ஆனால் போனிலும் அதற்கான சிப் இருக்க வேண்டும், ஐபோன் 11இல் அது இருக்கிறது, ஐபோன் எஸ்இயில் இல்லை. வீட்டுக்குள் மட்டும் தேடுவதற்கு, ஒலியெழுப்பும் மலிவான புளூடூத் டிராக்கரே போதும் என்பது என் கருத்து.