‘மணந்த ஞான்று’ கல்யாண நாளா? புரியாத பழம்பாட்டைப் பிரித்துப் படிக்கும் முறை

சங்கப் பாட்டு ஒன்றைத் திறந்து, நாலு வரி படித்து, தலையும் புரியாமல் வாலும் புரியாமல் மூடி வைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இலக்கணம் முறையாகப் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு தாள், ஒரு பென்சில், அரை மணி நேரம் போதும். உரையை மட்டும் இப்போதைக்குத் திறக்க வேண்டாம்.

குறுந்தொகையின் 25ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். கபிலர் பாடியது. ஐந்தே அடி.

யாரு மில்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தா ளன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீ ராரல் பார்க்கும்
குருகு முண்டுதான் மணந்த ஞான்றே

படி 1: சொற்களைப் பிரித்து எழுதுங்கள்

பழைய முறையில் அச்சிட்ட பாட்டில் இடைவெளி சீர் (அடியின் ஓசைத் துண்டு) பார்த்து விழும், சொல் பார்த்து விழாது. ‘தினைத்தா ளன்ன’ என்பதில் ‘ளன்ன’ என்று ஒரு சொல்லைத் தேடி அகராதியைப் புரட்டினால் கிடைக்காது. ள, ழ, ற, ன, ண ஆகியவை தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதில்லை. ஒரு சீர் அப்படித் தொடங்கினால் முன்சீரிலிருந்து உடைந்து வந்த துண்டு என்று உடனே முடிவு செய்யலாம்: தினைத்தாள் அன்ன. ‘முண்டுதான்’ கொஞ்சம் ஏமாற்றும். வேட்டியைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. குருகும் உண்டு, தான்.

பிரித்தால் இப்படி வரும்:

யாரும் இல்லை, தானே கள்வன்.
தான் அது பொய்ப்பின் யான் எவன் செய்கோ?
தினைத்தாள் அன்ன சிறு பசுங்கால,
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டு, தான் மணந்த ஞான்றே.

பாதி மூட்டம் இதிலேயே விலகிவிடும். சந்தி பிரித்த பதிப்புகள் கிடைக்கின்றன என்றாலும், முதல் சில பாட்டுகளை நீங்களே பிரித்துப் பாருங்கள்.

படி 2: பேசுவது யார்?

அகப்பாட்டில், அதாவது காதல் பாட்டில், கவிஞர் தம் குரலில் பேசுவதில்லை. தலைவி, தலைவன், தோழி, செவிலி (வளர்ப்புத் தாய்) என்று யாரோ ஒருவர் பேசுகிறார், இன்னொருவர் கேட்கிறார். பாட்டோடு வரும் துறைக் குறிப்பு இதைச் சொல்லிவிடும். இந்தப் பாட்டுக்கு உள்ள குறிப்பு, தலைவன் வரைவை நீட்டித்தபோது தலைவி தோழியிடம் சொன்னது என்கிறது. வரைவு என்றதும் அரசாங்கத்தின் வரைவு அறிக்கை நினைவுக்கு வரும். இங்கே அது திருமணம். ரகசியமாகப் பழகிய ஒருவன் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறான்.

இந்தக் குறிப்புகள் பிற்காலத்தவர் சேர்த்தவை என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஆகவே வழிகாட்டிப் பலகையாக வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக அல்ல.

படி 3: தெரிந்த சொல்லைச் சந்தேகப்படுங்கள்

எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். தெரியாத சொல் நம்மை ஏமாற்றாது. நின்று, தேடி, தெரிந்துகொள்வோம். ‘ஆரல்’ ஒரு மீன், ‘குருகு’ ஒரு நீர்ப்பறவை, ‘ஞான்று’ என்றால் அந்த நாள், அந்தப் பொழுது. வேலை முடிந்தது. கவிழ்ப்பதெல்லாம் தினமும் நாம் புழங்கும் சொற்கள்தான்.

நான் முதல்முறை படித்தபோது ‘தான் மணந்த ஞான்று’ என்பதைக் கல்யாண நாள் என்றே எடுத்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு ஒருவரும் வரவில்லை, ஒரு பறவை மட்டும் வந்தது என்று விசித்திரமாக ஒரு கதை ஓடியது. மணத்தல் என்றால் அங்கே கூடுதல், சேர்தல். அவன் என்னோடு கூடிய அன்று யாரும் இல்லை. இந்த ஒரு சொல்லைச் சரிசெய்ததும் பாட்டே வேறாகிவிடுகிறது.

இன்னும் சில பொறிகள். ‘நாற்றம்’ நறுமணத்தையும் குறிக்கும். ‘முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்’ என்ற குறளில் (1274) அது அரும்புக்குள் அடங்கிய மணம். தொல்காப்பியத்தில் ‘கிழவன்’ என்று வந்தால் முதியவரைத் தேடாதீர்கள். உரிமை உடையவன், அதாவது தலைவன்.

எனக்குப் பிடித்த பொறி குறுந்தொகை 3இல் இருக்கிறது: ‘நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று’. நட்பு வானத்தைவிட உயர்ந்தது அன்று என்று மறுப்பதுபோல் காதில் விழுகிறது, இல்லையா? ஆனால் ‘உயர்ந்தன்று’ என்றால் உயர்ந்தது என்றே பொருள். உயர்ந்த என்பதோடு ‘அன்று’ சேரவில்லை. ‘உயர்ந்தன்று’ முழுவதும் ஒரே வினைமுற்று, அதாவது வாக்கியத்தை முடிக்கும் வினை. அடுத்த அடியில் வரும் ‘ஆரளவின்றே’ என்பதும் அப்படித்தான், ‘இல்லை’ என்று சொல்லவில்லை: அளப்பதற்கு அரிய அளவுடையது. அடுத்தடுத்து இரண்டு ‘ன்று’, இரண்டுமே ஆம்.

அகராதிக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் நல்லது, இணையத்திலும் தேடலாம். முதல் பொருளோடு நிற்காமல் ஐந்தாவது, ஆறாவது வரை இறங்கிப் பாருங்கள்.

படி 4: சொற்களை இடம் மாற்றிப் பாருங்கள்

‘சுரையாழ அம்மி மிதப்ப’ என்று ஒரு பழைய பாட்டு தொடங்குகிறது. ஒரு சுனையில் சுரைக்காய் மூழ்குகிறதாம், அம்மி மிதக்கிறதாம்! அதே சுனை யானைக்கு நீந்தும் ஆழமாம், முயலுக்கு நிலை கொள்ளுமாம். கவிஞர் உளறவில்லை. அம்மி ஆழ, சுரை மிதப்ப. யானைக்கு நிலை, முயலுக்கு நீத்து என்று நாம் மாற்றிக்கொள்ள வேண்டும். பாட்டின் சொற்களைச் சேர்த்துப் பொருள் கொள்ளும் முறைக்குப் பொருள்கோள் என்று பெயர்; அதில் மொழிமாற்று என்ற வகைக்கு இலக்கண உரைகள் காட்டும் எடுத்துக்காட்டு இது. இப்படி எட்டு வகையான பொருள்கோள்களை நன்னூல் சொல்கிறது. பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். வினைமுற்று எது, அது யாருடையது என்று கேட்டாலே பெரும்பாலும் முடிச்சு அவிழும்.

நம் பாட்டில் ‘கால’ என்று மூன்றாம் அடி தொங்கி நிற்கிறது. கால்களை உடைய என்று பொருள். யாருக்குக் கால்? இரண்டு அடி தள்ளி நிற்கும் குருகுக்கு. தினைத்தாள் போன்ற சிறிய பசிய கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நிற்கும் குருகு.

படி 5: எடுத்துவிட்டாலும் கதை நிற்கும் பகுதியைப் பிடியுங்கள்

இப்போது செய்தியைச் சுருக்கமாக எழுதுங்கள்: ‘அன்று யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டுமே இருந்தான். அவனே சொன்னதைப் பொய்யாக்கினால் நான் என்ன செய்வேன்?’ முடிந்துவிட்டது. அப்படியென்றால் குருகு எதற்கு, அதுவும் பாதிப் பாட்டை அடைத்துக்கொண்டு?

‘யாரும் இல்லை’ என்று தொடங்கியவள் கடைசியில் ‘குருகும் உண்டு’ என்கிறாள். சாட்சி தேடுகிறாள். கிடைத்த ஒரே சாட்சி பேசாது. அதன் கண்ணும் மீன்மேல் இருந்தது. அதன் கால் தினைத்தாள் மாதிரி இருந்தது என்பது வரை இவளுக்கு நினைவிருக்கிறது, பாருங்கள். அவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறாள். குருகு இவளைப் பார்க்கவில்லை.

இரைமேல் கண்ணாக நிற்கும் குருகு தலைவனையே குறிக்கிறது என்றும் சொல்லலாம். பொருந்துகிறது, எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் சாட்சி என்ற முதல் பொருளை இழக்காமல் அதன்மேல் ஏற்றுங்கள். குருகு என்றால் உலகம், மீன் என்றால் ஆன்மா என்று ஓட ஆரம்பித்தால் பாட்டுக்குள் அதற்குப் பிடிமானம் இல்லை.

படி 6: இனி உரையைத் திறக்கலாம்

குறுந்தொகைக்கு உ.வே.சாமிநாதையர் உரையுடன் 1937இல் வெளியிட்ட பதிப்பு இருக்கிறது. உங்கள் தாளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வேறுபட்டால் உடனே அழித்துவிடாதீர்கள். எந்தச் சொல்லில் பிரிந்தீர்கள் என்று பாருங்கள்.

உரைகாரர்களுக்குள்ளும் சண்டை உண்டு. ‘தெய்வம் தொழாஅள் கொழுநன் தொழுதெழுவாள் / பெய்யெனப் பெய்யும் மழை’ (குறள் 55) நல்ல உதாரணம். அவள் பெய் என்றால் மழை பெய்யும் என்பது பரிமேலழகர் வழி. வேண்டும்போது பெய்யும் மழையைப் போன்றவள் என்று இக்காலத்தில் சிலர் கொள்கிறார்கள். சண்டை முழுவதும் ‘பெய்யும்’ என்ற ஒரு சொல்லில் இருக்கிறது: அது வாக்கியத்தை முடிக்கும் வினையா, மழைக்கு அடையா? இரண்டுக்கும் இலக்கணம் இடம் தருகிறது. எனக்கு முதல் பொருளே நேராகப் படுகிறது, ஏனென்றால் இரண்டாவதற்கு ‘போன்றவள்’ என்று இல்லாத ஒரு சொல்லை வருவிக்க வேண்டியிருக்கிறது.

சரி, அடுத்து நீங்களே செய்ய ஒரு பாட்டு: குறுந்தொகை 40, ‘யாயும் ஞாயும்’ என்று தொடங்குவது. யாய் என் தாய், ஞாய் உன் தாய், இவ்வளவுதான் உதவி. ‘செம்புலப் பெயனீர்’ எத்தனை சொல் என்பதிலிருந்து தொடங்குங்கள்.