விமானம் இறங்கும்போது காதடைப்பு: என் அனுபவம்

ஐந்து மாதக் கைக்குழந்தையோடு சென்னையிலிருந்து லண்டன், பத்து மணி நேரத்துக்கு மேல். டிக்கெட் போட்ட கையோடு தொட்டில் மாட்டும் முன்வரிசை இருக்கையைக் கேட்டு வாங்கிவிட்டேன். ஆனாலும் பெல்ட் விளக்கு எரிந்தால் தூங்குகிற பிள்ளையை மடிக்கு மாற்றத்தான் வேண்டும், அதற்கு வழியில்லை.

காதடைப்புக்கு வழி உண்டு. விமானம் இறங்கும்போது கேபின் அழுத்தம் கூடும். காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் சிறுகுழாய் திறக்காவிட்டால் வலிக்கும். விழுங்கினால் அது திறக்கும். அதனால் இறங்கும்போது பசியோடு குடிக்கட்டும் என்று முந்தைய வேளைப் பாலைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தேன். தரையிறங்க அரைமணி நேரம் இருக்கும்போது, இறக்கம் தொடங்கியதுமே பால். மடக் மடக்கென்று குடித்தாள். தீர்ந்ததும் சப்புவதற்கு நிப்பிள். அழவே இல்லை! அந்த நேரத்தில் குழந்தை தூங்கினால் எழுப்பிக் கொடுங்கள். தூக்கத்தில் விழுங்குவது குறைவு.