கெட்ட செய்தி வந்த முதல் ஒரு மணி நேரம்

மென்பொருள் குழுக்களை நடத்தத் தொடங்கிய புதிதில் எனக்கு ஒரு பெரிய அடி விழுந்தது. இரவு 1 மணிக்குத் தொடங்கிய தரவுத்தள மாற்றம் பாதியில் நின்றுவிட்டது. பேக்கப்பை, அதாவது பாதுகாப்புக்காக எடுத்து வைத்த தரவு நகலை, மீட்கப் பார்த்தால் அது திறக்கவில்லை. வாடிக்கையாளரின் சேவை 11 மணி நேரம் முடங்கியது. மறுநாள் குழுவைக் கூட்டி, "யார் செய்தது?" என்றுதான் முதலில் கேட்டேன். ஒருவரும் நிமிரவில்லை. அந்த பேக்கப் சோதிக்கப்படவே இல்லை என்பது இளம் பொறியாளர் ஒருவருக்கு 3 வாரம் முன்பே தெரியும். என்னிடம் சொல்லப் பயந்திருக்கிறார். பயத்தை வளர்த்தவன் நான்.

அன்றிலிருந்து ஒரு மேலாளரின் மனவுறுதியை நான் அளப்பது இப்படித்தான்: கெட்ட செய்தி அவரிடம் எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்கிறது?

செய்தி வந்ததும் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் தெரிந்தவை, வலப்பக்கம் ஊகங்கள். "1.40க்கு சர்வர் நின்றது" இடப்பக்கம். "அவர் கவனக்குறைவாக இருந்தார்" வலப்பக்கம். கோபத்தில் நாம் எழுதுவதில் பெரும்பகுதி வலப்பக்கம்தான் சேரும். 1970இல் அப்பல்லோ 13 விண்கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது, தரைக்கட்டுப்பாட்டு இயக்குநர் ஜீன் கிரான்ஸ் தம் குழுவிடம் கேட்டுக்கொண்டதும் இதைத்தான்: ஊகித்து நிலைமையை மோசமாக்க வேண்டாம்.

பிறகு உங்கள் மேலதிகாரியிடம் நீங்களே சொல்லுங்கள். என்ன நடந்தது, யாருக்குப் பாதிப்பு, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. காரணம் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்த மணிக்குப் பேசிவிடுங்கள்.

உங்கள் மனம் கொதித்தால் குழுவுக்கு வெளியே, உங்களுக்கு நிகரான பொறுப்பில் இருக்கும் ஒருவரிடம் கொட்டுங்கள். எனக்கு அப்படி ஒருவர் இருக்கிறார். பத்து நிமிடம் குறுக்கிடாமல் கேட்பார்.

என்ன தவறியது என்று பார்க்கும் ஆய்வுக் கூட்டத்தை எல்லோரும் ஓர் இரவாவது தூங்கி எழுந்தபின் வையுங்கள். இதில்தான் அதிகக் கவனம் தேவை. உங்கள் தவற்றை முதலில் சொல்லுங்கள். நான், "பேக்கப்பைச் சோதித்தோமா என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை" என்று தொடங்கினேன். "ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் தற்காப்புக்குப் போய்விடுவார். "அந்த நேரத்தில் உங்களுக்கு என்னென்ன தெரிந்திருந்தது?" என்று கேளுங்கள். 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாகச் செயல்படும் குழுக்களில்தான் பிழைகள் அதிகம் பதிவாவதைக் கண்டார். அங்கே மறைக்காமல் பேச முடிந்தது என்பதே அவர் கண்ட விளக்கம்.

கூட்டம் முடியும்போது ஒன்றிரண்டு மாற்றங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. நாங்கள் மாதந்தோறும் பேக்கப்பை வேறொரு சர்வரில் மீட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். நான்காவது மாதம் அது மறுபடியும் திறக்கவில்லை. அதே இளம் பொறியாளர் காலை 9 மணிக்கே என் மேசைக்கு வந்து சொன்னார். நன்றி சொல்லி, பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.