புதிதாக வந்தவரை எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள்

வேலை மாறி வேறு ஊருக்குப் போன முதல் ஞாயிறு. தெரியாத ஆலயம் என்பதால் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அறிவிப்பு நேரத்தில், "புதிதாக வந்திருப்பவர்கள் எழுந்து நின்று அறிமுகம் செய்துகொள்ளுங்கள்" என்றார்கள். கைக்கு மைக் வந்தது. அத்தனை தலைகளும் திரும்பின. பெயரைச் சொன்னேன், கை தட்டினார்கள். ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒருவர்கூடப் பேச வரவில்லை. அடுத்த வாரம் வேறு ஆலயத்துக்குப் போய்விட்டேன்.

நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகள் பலவற்றில் நடக்கும் தவறு இது. மைக்கில் வரவேற்றுவிட்டால் அந்த வேலை முடிந்தது என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறோம். கூச்சப்படுகிறவருக்கு அது தண்டனை. பக்கத்தில் இருப்பவர் பாட்டுப் புத்தகத்தை நீட்டி எண்ணைக் காட்டினாலே பாதி வரவேற்பு ஆகிவிடும்.

அப்புறம், ஆராதனை முறைமை. எங்கே எழ வேண்டும், எங்கே முழங்கால்படியிட வேண்டும், எந்த வரியைச் சபையார் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். வந்தவரோ புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருப்பார். ஆயர் பக்க எண்ணைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்துக்கு யார் முன்னே வரலாம், யார் இருக்கையிலேயே இருக்கலாம் என்பதையும் முன்கூட்டியே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். இதைச் செய்யாமல், "புதியவர்களுக்குப் புரியாது" என்று பாவ அறிக்கையையும் விசுவாசப் பிரமாணத்தையும் வெட்டிவிடும் இடங்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அறிவிப்புகளை மட்டும் அரைமணி நேரம் வாசிப்பார்கள்!

பாட்டு விஷயத்திலும் அப்படித்தான். மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலைப் பாட்டுகள் பலவற்றில் அடிக்கு அடி சொல் மாறிக்கொண்டே போகும். கீர்த்தனையில் சரணம் முடியும்போதெல்லாம் பல்லவி திரும்பி வரும். முதல் தடவை கேட்பவர்கூட மூன்றாவது சரணத்துக்குள் பல்லவியைப் பிடித்துவிடுவார். கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இயற்றிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்து நம் கையில் இருக்கும் வசதி இது. பாடகர் குழு தன் குரலைக் காட்ட சுருதியை ஏற்றிவிட்டால், வந்தவர் என்ன, பழைய ஆட்களே வாயை மூடிக்கொள்வார்கள்.

ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் ஒன்று இருக்கிறது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் பல சபைகள் ஒன்றுகூடி சி.எஸ்.ஐ. ஆனது. 1950இல் வந்த திருவிருந்து ஆராதனை முறையில் கேரளத்துச் சிரியன் சபை வழக்கத்திலிருந்து இந்தச் சமாதானம் சொல்வதைச் சேர்த்துக்கொண்டார்கள். உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து ஒருவர் அடுத்தவருக்குக் கொடுப்பது. நாம் என்ன செய்கிறோம்? சித்தப்பா குடும்பத்தைத் தேடிப் போய்க் கும்பிடு போட்டுவிட்டு, பக்கத்தில் தனியாக நிற்பவரைத் தாண்டி வந்து உட்காருகிறோம்.

சரி, வெளியே வந்து ஒருவர் பேசுகிறார் என்றே வையுங்கள். "எந்த ஊர்? அங்கே யார் வீட்டுப் பிள்ளை? அம்மா எந்த ஊர்?" முதல் கேள்வி நலம் விசாரிப்பு. மூன்றாவதற்குள் அது எங்கே போகிறது என்று இரண்டு பேருக்குமே தெரியும். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவரை 1910இல் இடித்தார்கள். எந்தப் பிரிவுச் சபையாக இருந்தாலும், கல்சுவர் போன பிறகு இந்தக் கேள்விகள் அந்த வேலையைச் செய்கின்றன. பொன்மோதிரக்காரருக்கு நல்ல இடமும் கந்தைக்காரருக்குக் காலடியும் காட்டுவதை யாக்கோபு தன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். அதன்மேல் பிரசங்கம் கேட்ட அன்றே வாசலில் இந்த விசாரணையும் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஊரைக் கேட்பதற்குப் பதில், எங்கே குடியிருக்கிறார், வீட்டுக்குப் போகப் பஸ் இருக்கிறதா என்று கேளுங்கள்.

வந்த இரண்டாம் வாரமே சங்கக் காணிக்கை (உறுப்பினர் சந்தா) ரசீதை நீட்டுவது, ஞாயிறு பள்ளிக்கு ஆசிரியராகப் போடுவது, இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆலயத்தில் அசனம் (எல்லாரும் சேர்ந்து உண்ணும் விருந்து) வருகிறது என்றால் அவரைப் பந்தியில் விருந்தாளியாக மட்டும் உட்காரவைக்காதீர்கள். முந்தின நாள் ராத்திரி வெங்காயம் உரிக்க வரச்சொல்லுங்கள். அந்தக் கூட்டத்தில் மைக் இருக்காது. கண்ணில் தண்ணீர் வழிய, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் பெயரை அவரே கேட்டுக்கொள்வார்.